கிராதிக்கு உள்ளூர் உளியே போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இராதாபுரம் வட்டத்தில் கடலோர ஊர் எங்களுடையது. நூறு ஆண்டைத் தாண்டிய எங்கள் பங்குக் கோயிலில் இப்போது திருப்பணி நடக்கிறது. பீடத்தின் பின்புறத்துக்கும் நற்கருணை அப்பம் வைக்கும் பேழைக்கும் மரவேலைப்பாடு வைக்கப் போகிறார்கள் என்று கேட்டு மகிழ்ந்தேன். இயந்திரத்தில் வெட்டிய ஒட்டுப்பலகையை வெளியூரிலிருந்து இறக்கப் போவதாக அடுத்து வந்த பேச்சில் மனம் உடைந்துவிட்டது.

என் சிறு வயதில் பீடத்துக்கு முன்னால் தேக்குக் கிராதி, அதாவது இடுப்பளவு தடுப்பு, ஒன்று இருந்தது. அதன் முன் முழந்தாளிட்டுத்தான் புதுநன்மை என்னும் முதல் நற்கருணையை வாங்கினேன். பிறகு ஒரு வெள்ளையடிப்பின்போது அதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். கேட்டால், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது என்றார்கள். சங்கம் அப்படிச் சொல்லவே இல்லை. 1963இல் வெளிவந்த அதன் திருவழிபாட்டு ஏட்டில் 126ஆம் பத்தியைப் படித்துப் பாருங்கள். கோயிலின் புனிதப் பொருள்களும் மதிப்புள்ள கலைப்பொருள்களும் கைவிட்டுப் போகாமல் ஆயர்கள் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருக்கிறது.

அந்தக் கிராதியில் ஓர் இரும்பாணி கிடையாது. ஒரு மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, அடுத்த மரத்தின் துளையில் இறக்கி, மூங்கில் ஆணி அடித்துப் பூட்டியிருந்தார்கள். உப்புக்காற்றில் இரும்பு துருவேறி உப்பி மரத்தைப் பிளந்துவிடும் என்பது அந்த ஆசாரிக்குத் தெரிந்திருக்கிறது. ஒட்டுப்பலகை இங்கே எத்தனை ஐப்பசியைத் தாங்கும்?

இந்த வேலைக்கு ஆள் எங்கே என்கிறீர்களா? நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை என்னும் மண்டபத்தின் மரச்சிற்பங்களைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மரச்சொப்புக்குப் பேர்போன அம்பாசமுத்திரத்தில் ஒரு கடைசல் பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். சுழலும் கட்டைமேல் அரக்குக் குச்சியை அழுத்துகிறார் பெரியவர். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகிப் படிகிறது. தாழை மடலால் ஒரு தேய்ப்பு, முகம் தெரிகிற பளபளப்பு. கிராதிக் காலைக் கடைவதும் இதே வித்தைதான், அளவு பெரிது. தச்சரான சூசையப்பரை வணங்கும் நாம் இந்தக் கைகளுக்கு வேலை கொடுக்க வேண்டாமா?

பங்குப் பேரவையினரிடம் இன்னும் ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்குள் முடித்தாக வேண்டும் என்று ஆசாரியை விரட்டாதீர்கள். ஈரம் காயாத மரம் பின்னால் முறுக்கிக்கொள்ளும். புது வேலையின் அடிப்பக்கத்தில் ஆண்டைச் செதுக்கச் சொல்லுங்கள், பழையது எது புதியது எது என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

கழற்றிப் போட்ட கிராதியின் கடைசல் கால்கள் இரண்டு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. என் அப்பா விறகுக் குவியலிலிருந்து எடுத்துவந்தவை. மாதிரிக்கு வேண்டுமென்றால் நாளைக் காலைத் திருப்பலிக்கு வரும்போதே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருவன்,
இராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்