மேடை அலங்காரக்காரர்களுக்கும் மண்டபக்காரர்களுக்கும்: கருந்தழை நம் வேலியிலேயே இருக்கிறது

மேடை அலங்காரத் தொழில் செய்கிற அண்ணன் தம்பிகளுக்கும், அக்கா தங்கைகளுக்கும், கல்யாண மண்டப உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

மதுரை, திண்டுக்கல் பக்கம் நானும் உங்களைப் போல மேடைக்குப் பூ வேலை செய்கிறவள்தான். ஒரு கோரிக்கையோடு இந்த மடலை எழுதுகிறேன். பூவுக்குப் பின்னால் நாம் வைக்கிற இலையில் பிளாஸ்டிக்கைக் குறையுங்கள், வெளியூரிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிற தழையையும் குறையுங்கள். நம் ஊர் வேலிகளில் வளர்கிற கருஞ்சிவப்புத் தழையை வெட்டிப் பயன்படுத்துங்கள். வளர்க்கிறவருக்கு அதற்கு ஒரு விலையும் கொடுங்கள்.

அபூர்வமான செடி எதையும் நான் சொல்லவில்லை. அக்காலிபா, குரோட்டன்ஸ், கார்டிலைன், ஊதா இலைச் சூடராந்திமம் இவைதான். பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று எங்கே போனாலும் காம்பவுண்டு ஓரத்தில் இவற்றில் ஒன்றாவது நிற்கும். நம் மக்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் குரோட்டன்ஸ் என்றே சொல்லிவிடுவார்கள். வேலி உயரமாகிவிட்டது என்று தோட்டக்காரர் வெட்டுகிற தழை முழுக்கக் குப்பைக்குத்தான் போகிறது. அதே வாரம் அதே மண்டபத்து மேடைக்கு நாம் ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தழை வரவழைக்கிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

அக்காலிபா இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் செம்பு நிறம், ஓரத்தில் மெல்லிய ரோஸ், அங்கங்கே கருஞ்சிவப்புத் திட்டு. ஒரே கிளையில் இரண்டு இலை ஒரே மாதிரி இருக்காது. அந்தக் கிளையை நாலு சம்பங்கித் தண்டுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். வெளிர் பச்சை இலைக்கு முன்னால் வெள்ளைப் பூ இருந்தால் மேடை விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் கலந்து வெளுத்துப் போகும். போட்டோவில் பஞ்சு ஒட்டியது போலத்தான் தெரியும். பின்னால் கருந்தழை இருந்தால் ஒவ்வொரு பூவும் தனித்தனியாக எழுந்து நிற்கும். மல்லிக்கும் வெள்ளைச் செவ்வந்திக்கும் இப்படித்தான். மஞ்சள் செண்டுமல்லிக்கு இன்னும் எடுப்பாக இருக்கும்.

பணக் கணக்கும் இதில் இருக்கிறது. தை முகூர்த்தத்தில் பனியால் வரத்து குறைந்து மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் போகிற காலத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்போது பூவை மட்டும் நம்பி மேடையை நிரப்பினால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. பெண் வீட்டாரிடம் கூடுதலாகக் கேட்கவும் மனசு வராது. நல்ல தழை கைவசம் இருந்தால் பாதிப் பூவிலேயே மேடை நிறைந்து தெரியும்.

"கல்யாணத்தில் கருப்பு ஆகாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களிடம் வாதம் செய்யாமல், மணப்பெண் கட்டப்போகிற புடவைக்குப் பக்கத்தில் ஒரு கிளையைப் பிடித்துக் காட்டுங்கள். அரக்கு, மாந்தளிர், கத்தரிப்பூ என்று கடையில் கேட்டு வாங்கிய பட்டின் நிறமேதான் இந்த இலையிலும் இருக்கிறது. வாசல் தோரணத்து மாவிலைகூடத் துளிர்க்கும்போது செம்பு நிறம்தான். பெருமாளுக்குச் சாத்துகிற கிருஷ்ண துளசிக்கும் கருத்த இலைதான். எனக்குத் தெரிந்தவரை, இப்படிக் காட்டிய பிறகு யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இலை கட்டுவது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கமும் இல்லை. கதம்பத்தில் மருவும் மரிக்கொழுந்தும் இல்லாமல் நம் அம்மாக்கள் கட்டியதில்லை. 2025ல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்க மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு அரளியும் வெள்ளை அரளியும் சேர்ந்த அந்த மாலையில் பச்சைக்கு வருவது வேலியோர நொச்சி இலை. கொல்கத்தாப் பூக்காரர்கள் காமினி என்ற புதர்ச்செடியின் கரும்பச்சைத் தழையைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். அது நம் கறிவேப்பிலைக்கு உறவுச் செடி. இலங்கையில் குரோட்டன், கார்டிலைன், டிரசீனா தழைகளை ஏற்றுமதிக்கென்றே வளர்க்கிறார்கள். அங்கெல்லாம் பணமாகிற தழை இங்கே மட்டும் குப்பைக்குப் போக வேண்டிய அவசியம் என்ன?

"சீக்கிரம் வாடிவிடும்" என்பது அடுத்த புகார். வெட்டுகிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டுங்கள், முடியாவிட்டால் சாயங்காலம் வெட்டுங்கள். முற்றிய கிளையாகப் பாருங்கள். துளிர் நுனி முதலில் தொங்கிவிடும் என்பதால் அதை அங்கேயே கிள்ளிவிடுங்கள். வாளித் தண்ணீரோடு போய், வெட்டிய கையோடு அடித்தண்டை அதில் விடுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் அடி இலைகளை உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகி நாற்றம் வரும். அக்காலிபாவை மட்டும் இலையோடு தொட்டியில் ஒரு மணி நேரம் முழுக்கிவைத்து, பிறகு நிழலில் எடுத்து நிறுத்துங்கள். இப்படிச் செய்தால் முதல் நாள் மாலை வரவேற்பும் மறுநாள் காலை முகூர்த்தமும் தாங்கும். குரோட்டனும் கார்டிலைனும் தண்ணீரில் நின்றால் ஒரு வாரத்துக்கு மேலேயே அப்படியே இருக்கும்.

தழையைக் குத்தி நிறுத்த, மட்காத பச்சை ஃபோமுக்குப் பதிலாக வாழைமரத் துண்டைப் பயன்படுத்திப் பாருங்கள். குலை வெட்டிய மரம் எந்தத் தோப்பிலும் கிடைக்கும். அதிலேயே ஈரம் இருக்கிறது, தண்டும் இறுக்கமாக நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. குரோட்டன் தண்டில் வடிகிற பால் வேட்டியில் பட்டால் கறை போகாது, சிலருக்குத் தோலும் அரிக்கும். பால் நிற்கும்வரை தண்ணீரில் வைத்துவிட்டு அப்புறம் மேடைக்குக் கொண்டுபோங்கள். செம்பு நிற இலையுள்ள யுபோர்பியா என்று நர்சரியில் ஒரு செடி விற்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. குழந்தைகள் ஓடி விளையாடுகிற மண்டபத்துக்குள் அது வரவே கூடாது.

பிளாஸ்டிக் இலை வைத்திருக்கிறவர்கள், "ஒரு தடவை வாங்கினால் பல மேடைக்கு ஆகிறது" என்பார்கள். ஆகிறது, சரி. தூசி படிந்து நிறம் வெளுத்த பிறகு அது எங்கே போகிறது? கண்மாய்க் கரைக்கும் குப்பைமேட்டுக்கும்தான். 2022 ஜூலை 1 முதல் அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவதற்கு நாடு முழுக்கத் தடை இருக்கிறது. தெர்மாகோலை விட்ட பிறகும் நாம் மேடை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பிளாஸ்டிக் இலை இல்லாமலும் போட முடியும்.

மண்டபக்காரர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் காம்பவுண்டு ஓரத்தில் வெயில் நன்றாக விழுகிற பக்கம் இந்தச் செடிகளை வரிசையாக நடுங்கள். நிழலில் நட்டால் நிறம் பச்சையாக இறங்கிவிடும், இடத்தைப் பார்த்து நடுங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது. அந்த மாதத் தொடக்கத்தில் கவாத்து செய்தால், தண்ணீர் விடுகிற இடத்தில் அக்காலிபா ஆவணி பிற்பகுதி முகூர்த்தங்களுக்கே மறுபடியும் வெட்ட நிற்கும். குரோட்டன் கொஞ்சம் மெதுவாக வரும், ஐப்பசிக்கு ஆகும். தழைக்கு ஒரு தொகை வைத்து, அந்தப் பணத்தை அலங்காரக்காரரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஒரு பங்கை வெட்டித் தருகிற தோட்டக்காரருக்குக் கொடுங்கள். செடியின் அருமை அவருக்குத்தான் தெரியும், எந்தக் கிளையை விட வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

அலங்காரக்காரர்களே, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலும் நிலக்கோட்டையிலும் பூ எடுக்கும்போது கருந்தழைக் கட்டு வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்கிற ஆள் இருந்தால்தான் மல்லித் தோட்டக்காரர் வரப்போரத்தில் நாலு வரிசை நடுவார். பூவின் விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஆடுகிறது. வேலியில் நிற்கிற தழையை அவர் அவசரப்பட்டு விற்கத் தேவையில்லை, ஆள் கேட்கிற அன்றைக்கு வெட்டினால் போதும். மகசூல் குறைந்த மாதத்தில் அது அவர் வீட்டுச் செலவுக்கு ஆகும். சும்மா கிடைக்கிற இலைதானே என்று மட்டும் பேரம் பேசாதீர்கள்.

ஆடிக் கவாத்தில் விழுகிற முற்றிய குச்சிகளை யாரும் வீச வேண்டாம். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, இலையைக் குறைத்து, ஈரமணலில் நிழலாக ஊன்றி வைத்தால் அக்காலிபாவும் குரோட்டனும் வேர் பிடித்துவிடும். என் வீட்டுப் பின்கட்டிலும் இவை இருக்கின்றன. மார்க்கெட்டில் என்னைப் பார்க்கிறவர்கள் கேளுங்கள், குச்சி வெட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உங்களோடு மேடை வேலை செய்கிற ஒருத்தி