டியூபுலர் பெல்ஸ்: எந்த மிக்ஸ் என்று அட்டையிலேயே அச்சிடுங்கள்

ஆண்டு நிறைவு மறுபதிப்புகளைத் தயாரிக்கும் இசைத்தட்டு நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' (குழல் மணிகள்) இசைத்தட்டு 1973 மே 25 அன்று வெளியானது. பொன்விழாவும் முடிந்துவிட்டது. அடுத்த பதிப்புக்கு யாரேனும் டேப்பை எடுக்கும் முன் இந்த மடல் அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

இதே பெயரில் கிடைப்பவை எல்லாம் ஒன்றல்ல. 1973இன் ஸ்டீரியோ மிக்ஸ் (தனித்தனியாகப் பதிந்த வாத்தியங்களை ஒன்றாகக் கலந்த வடிவம்) ஒன்று. 1976இல் 'பாக்ஸ்ட்' தொகுப்புக்குச் செய்தது இன்னொன்று. இரண்டாம் பக்கத்தின் இறுதியில் வரும் மாலுமி ஆட்ட மெட்டு அதில் வேறு மாதிரி முடியும். 2003இல் ஓல்ட்ஃபீல்ட் முழு இசையையும் புதிதாகவே வாசித்துப் பதிந்தார். 2009இல் பழைய டேப்பிலிருந்து அவரே புது மிக்ஸ் செய்தார். வாங்குபவருக்கு இது எதுவும் தெரியாது. 'ரீமாஸ்டர்' (பழைய பதிவைச் செப்பனிட்டது) என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் எந்த ஆண்டு மிக்ஸ், மூல டேப்பா நகலா, தட்டுக்கான பள்ளத்தை யார் வெட்டினார் என்பதைப் பின்னட்டையில் போடுங்கள். சுற்றிலும் ஒலிக்கும் சரவுண்ட் மிக்ஸ் தருவதானால் கூடுதல் தட்டாகத் தாருங்கள். 1973 மிக்ஸின் இடத்தில் அதை வைக்காதீர்கள்.

பெரிய சிக்கல் முதல் பக்கத்தின் முடிவில் இருக்கிறது. பக்கம் 25 நிமிடத்துக்கும் மேல். கடைசி எட்டு நிமிடத்தில் பாஸ் கிட்டார் மெட்டின் மேல் அறிவிப்பாளராக விவியன் ஸ்டான்ஷால் ஒவ்வொரு வாத்தியமாகப் பெயர் சொல்லி அழைக்கிறார்: பியானோ, ஆர்கன், குளோக்கன்ஷ்பீல், மாண்டலின் என்று அடுக்கி, கடைசியில் மணிகள். மொத்தப் பக்கத்திலும் கனமான ஒலி அதுதான். அது விழும் இடமோ தட்டின் உள்விளிம்பு. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் வெளிவிளிம்பில் ஊசியின் கீழ் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடும்; உள்ளே போகப்போக அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதே அலையை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால் மணியின் உலோக ஓசை கரகரப்பாகிவிடுகிறது.

பாதி வேகத்தில் வெட்டுவது நல்ல முறைதான். 20 கிலோஹெர்ட்ஸ் ஒலி வெட்டும்போது 10 ஆகிவிடுவதால் வெட்டும் தலைக்குச் சுமை குறையும். ஆனால் வீட்டில் ஓடும்போது உள்விளிம்பின் வேகம் அதே 21 செ.மீ.தான். ஆகவே, சோதனை லேக்கரில் (பள்ளம் வெட்டும் மூலத் தட்டில்) இந்தக் கடைசி எட்டு நிமிடத்தை முதலில் வெட்டுங்கள், அதுவும் உள்விளிம்பிலேயே. வெளிவிளிம்பில் வெட்டிக் கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்! கரகரத்தால் பக்கம் முழுவதையும் ஒன்றிரண்டு டெசிபெல் தாழ்த்துங்கள். மணியை மட்டும் அடக்கக் கூடாது. 45 சுற்றுக்கு மாற்றி இசையை நடுவில் துண்டாக்கவும் வேண்டாம். அது ஒரே மூச்சில் ஓட வேண்டிய இசை.

குறுந்தட்டுக்கும் டிஜிட்டலுக்கும் இந்தத் தடை கிடையாது. அங்கே கெடுப்பது உச்ச ஒலியை ஓர் அளவுக்கு மேல் போகாமல் அடக்கும் லிமிட்டர். பியானோவையே மணியின் உயரத்துக்குத் தூக்கிவிட்டால், மணி வரும்போது ஏற இடமிருக்காது. இரைச்சல் நீக்கியையும் தொடாதீர்கள்; டேப்பின் 'உஸ்' ஓசையோடு குளோக்கன்ஷ்பீலின் கார்வையும் போய்விடும்.

டேப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓட்டும்போது பிசுபிசுத்துத் தலையில் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் சூடாக்கி, ஆறவிட்டு, அதன் பிறகே நகலெடுங்கள். அசிடேட் டேப் என்றால் சூடே காட்டக் கூடாது. தொடக்கத்தில் சோதனைச் சுரங்கள் பதிவாகியிருந்தால் அவற்றைக் கொண்டு டேப்பைப் படிக்கும் தலையின் சாய்வைச் சரிசெய்த பின்புதான், உச்ச ஒலியையும் தாழ் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரில் கை வைக்க வேண்டும். சாய்வு பிசகினால் உயர் சுருதி ஒலி மங்கும். அதை ஈக்குவலைசரில் ஏற்றி ஈடுகட்டப் பார்த்தால் மாண்டலின் காதைக் குத்தும்.

அடுத்த பதிப்பின் சோதனைத் தட்டு வந்ததும் முதல் பக்கத்தில் 17ஆம் நிமிடத்தில் ஊசியை வைத்து, மணி அடங்கி அக்கூஸ்டிக் கிட்டார் தனித்து ஒலிக்கும் வரை கேட்டுவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

இப்படிக்கு,
இந்த இசையைத் தட்டில் கேட்கும் ரசிகர்கள்