டோர்னமென்ட் போர்டை வெளியே எடுங்கள்

வடசென்னையின் தெருக் கேரம் கிளப் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ராயபுரமோ வியாசர்பாடியோ, பல கிளப்களில் போர்டு இரண்டு வகை. ஒன்று ‘டோர்னமென்டுக்கு மட்டும்’. பூட்டிய அறையில் பாலிதீன் சுற்றிச் சுவரில் சாய்த்திருக்கும். மற்றது பிள்ளைகள் ஆட வெளியே கிடக்கும் மெல்லிய பிளைவுட். நல்ல போர்டு கெட்டுவிடும் என்று பூட்டுகிறீர்கள். போர்டு பழுதுபார்க்கும் நாங்கள் சொல்கிறோம், பூட்டிவைத்ததுதான் சீக்கிரம் கெடும்.

நம் பக்கம் கடற்காற்று. பாலிதீனுக்குள் ஈரம் தங்கும், சுவரைத் தொடும் பக்கம் ஊறும், பலகை வளையும். மூலைக்கு மூலை நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடைவெளி தெரிந்தால் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மொட்டைமாடி வெயிலில் போடாதீர்கள். ஒரு முகம் மட்டும் காய்ந்து இன்னும் முறுக்கிக்கொள்ளும். நிழலில், மரக்கட்டைகள் மேல் படுக்கவைத்துக் காற்றாட விடுங்கள். மூட பருத்தித் துணி போதும். தினமும் ஆடுகிற போர்டைத் தினமும் யாராவது துடைப்பார்கள், கோணல் வந்தால் அன்றைக்கே கண்ணில் படும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் பிள்ளைகளின் கையில். 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால் மூன்றரை முறை போய்வர வேண்டும் என்பது விதி. மலிவுப் போர்டில் ஓரக் கட்டை மென்மை. ஸ்ட்ரைக்கர் வேகம் செத்து, வேறு கோணத்தில் திரும்பும். அதில் ரீபவுண்ட், அதாவது கட்டையில் பட்டுத் திரும்பும் அடி, பழகிய பிள்ளை நல்ல போர்டில் ஆடும்போது அடி தப்புகிறது. குற்றம் விரலுடையது அல்ல. புது ஷாட் யோசிக்கும் வயதில் தப்பான கோணத்தையே மனப்பாடம் செய்யவைக்கிறோம். 2024 கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கியவர் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா. அவருக்குப் பேனர் கட்டிவிட்டு, நம் தெருப் பெண்பிள்ளைகளை வாசலோடு நிறுத்தலாமா?

தினம் மாலை 4 முதல் 6 வரை நல்ல போர்டைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். 25 பாயின்ட் அல்லது 8 போர்டு (ஒரு சுற்று ஆட்டத்துக்கும் போர்டு என்றுதான் பெயர்) என்று முழு கேம் வைத்தால் வரிசை நகராது. ஒரு சுற்று முடிந்ததும் தோற்ற ஜோடி எழுந்துகொள்ளட்டும். பவுடர் இரண்டு சிட்டிகைதான், மழைக்காலத்தில் அதற்கும் குறைவு. அதிகமானால் ஈரத்தில் கட்டிதட்டிக் காயின் இழுக்கும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பழைய செட்டுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்த காயின்களை எடைபோட்டுப் பிரித்துவையுங்கள். 5 முதல் 5.5 கிராமுக்குள் வராதது முதல் அடியான பிரேக்கிலேயே தனியாகத் தெறிக்கும். லைட்டை நேர் நடுவில் தொங்கவிடுங்கள்.

போர்டு வாங்கித் தந்தவர் பெயரைத் தாராளமாக எழுதலாம், ஆனால் அடிப்பக்கத்தில். ஆடும் முகத்தில் பெயின்ட் பட்டால் ஸ்ட்ரைக்கர் அங்கே தடுக்கும். வள்ளல் பெயரைச் சொல்லித்தான் ஆள் திட்டுவான்.

ஷாட்டை ஒளித்துவைக்கும் சீனியர்களிடமும் ஒரு சொல். தம்ப் ஷாட்டில் கட்டைவிரல் நகம் ஸ்ட்ரைக்கரில் எங்கே படுகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக அடித்துக் காட்டினால்தான் பிடிபடும்; தூரத்திலிருந்து பார்த்தால் வராது. வாரம் ஒருவர், ஒரு ஷாட் என்று முறை வையுங்கள்.

சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் ஊருக்குப் போன நாளில் எல்லாம் நின்றுவிடும். இரண்டு சாவி போடுங்கள். ஒன்று எதிர்த்த டீக்கடை ஆணியில் தொங்கட்டும்.

இப்படிக்கு,
போர்டு பழுதுபார்ப்பவர்கள், வடசென்னை