இனி மேஜையில் தண்ணீர் பாட்டில் இருக்காது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒரு வாரமாக நம் மெஸ்ஸில் அண்ணாச்சிமார் இலை போட்டதும் கேட்பது, "தண்ணி பாட்டில் எங்க?" என்றுதான். கல்லாவில் இருந்தபடி ஆளுக்கு ஆள் சொல்லி மாளவில்லை, அதான் இந்த மடல்.

பாட்டில் விற்பதை நிறுத்திவிட்டோம். டம்ளரில் ஊற்றுவது மாநகராட்சிக் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்தது. காசு கிடையாது.

இதற்குக் காரணமே தண்ணீர் சுத்தப்படுத்துகிற மெஷின் விற்க வந்த ஒரு தம்பிதான். ஒரு டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் மெஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பி வைத்த கருவியை இறக்கி சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் நம் தண்ணீர் காவியாகக் கலங்கி, சாக்கடை மாதிரி நுரைத்தது. மற்றது தெளிவாகவே நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைத் தள்ளி வைத்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

மூலையில் இருந்த ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார் எழுந்து வந்தார். இலையோரத்து உப்பில் ஒரு சிட்டிகையை மெஷின் தண்ணீரில் போட்டுக் கலக்கி, "இப்ப போடுங்க தம்பி" என்றார். அதுவும் காவி! கரைந்தது கருவியின் இரும்புக் கம்பி. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் ஓடும், கம்பி கரையும், அவ்வளவுதான் வித்தை. தண்ணீரில் விட்டால் எண் காட்டுகிற டிடிஎஸ் மீட்டரும் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. அந்த உப்பும் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

பொதிகையில் இருந்து வருகிற தாமிரபரணி, ஆற்றுமணலில் இறக்கிய உறைகிணறுகளில் ஊறி, குளோரின் சேர்ந்து நம் குழாய்க்கு வருகிறது. அல்வா ருசிக்கு அந்தத் தண்ணிதான் காரணம் என்று வெளியூர்க்காரரிடம் பெருமை பேசிவிட்டு, விக்கல் எடுத்தால் பாட்டில் தேடுவது என்ன நியாயம்?

குளோரின் வாடை காய்ச்சினால் போய்விடும். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தாலே கிருமி சாகும், நாங்கள் ஐந்து நிமிஷம் விடுகிறோம். பிறகு மூடி போட்ட எவர்சில்வர் டிரம், குழாய் வழியாகத்தான் பிடிப்பது, யாரும் கைவிட்டு மொள்ளுவதில்லை. போர் தண்ணீர் பாத்திரம் கழுவ மட்டும்.

சரி, குழாயே வராவிட்டால்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் அதுவும் நடந்தது. அப்போது நாங்களும் கேன் வாங்கித்தான் சமாளித்தோம். மறுபடி அப்படி வந்தால் கல்லாவில் எழுதி வைப்போம், கேன் காசை உங்களிடம் வாங்க மாட்டோம்.

பாட்டில்தான் வேண்டும் என்பவர்கள் தாராளமாகக் கொண்டு வரலாம். வீட்டு பாட்டிலை நிரப்பிக்கொள்ள டிரம் கல்லாவுக்கு இடப்பக்கம் இருக்கிறது. வெந்நீர் வேண்டுமென்றால் பரிமாறுகிற தம்பியிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மெஸ்காரர்,
பாளையங்கோட்டை