களை மேல உப்பு தூவச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டுத் தோட்டத்துக் களைய ஒழிக்க கல்லுப்ப தண்ணில கரைச்சு ஊத்துங்க, இல்லன்னா வினிகர் தெளிங்க, ரெண்டே நாள்ல கருகிடும்னு ஒரு டிப்ஸ் போட்டிருந்தீங்க. ரெண்டு நாள்ல கருகும்ங்கறது நெஜம்தான், நானே கண்ணால பாத்திருக்கேன். ஆனா மூணாவது வாரம் என்ன ஆகும், அடுத்த வருஷம் அந்த மண்ணு என்ன கதிக்கு வரும்னு அதுல ஒரு வரி கூட இல்ல. அதப் படிச்சுட்டு எத்தன பேரு உப்பு டப்பாவோட தோட்டத்துக்குப் போயிருப்பாங்களோன்னு நெனச்சா மனசு கேக்கல, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

எங்க வீட்டுல சுத்துச்சுவர் ஓரமா ஒரு பத்தடி நீளத்துக்கு கோரை அடர்ந்து கெடந்துச்சு. பள்ளத்த நெரவுறதுக்குன்னு ஒரு லோடு மண்ணு அடிச்சோம், அதோட வந்தது. பிடுங்கிப் பாத்தேன், கொத்திப் பாத்தேன், போகல. அப்புறம் உங்க டிப்ஸ்ல இருக்கற மாதிரியே ஒருத்தர் சொல்லக் கேட்டு உப்பக் கரைச்சு ஊத்துனேன். ரெண்டு நாள்ல மேல இருந்த தாளெல்லாம் பழுப்பாகி சாஞ்சிருச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம். இருபதாவது நாள் போய்ப் பாத்தா அதே எடத்துல ஊசி ஊசியா பச்ச முளை நிக்குது. ஆனா பக்கத்துல ஆறு வருஷமா பூத்துட்டு இருந்த செம்பருத்தி மட்டும் இலை ஓரமெல்லாம் கருகி, ஒவ்வொரு கிளையா காஞ்சு, கடைசில வேரோட எடுக்க வேண்டியதாப் போச்சு. மண்ணு நனஞ்சா கொழகொழன்னு ஒட்டும், காஞ்சா ஓடு மாதிரி இறுகும், மேல வெள்ளையா பூத்துக் கெடக்கும். உப்புல இருக்கற சோடியம் களிமண்ணோட பொலபொலப்பக் கெடுத்துடுது, துகள் எல்லாம் பிரிஞ்சு துவாரத்த அடைச்சுக்குது, தண்ணியும் காத்தும் உள்ள போக வழியில்லாமப் போயிடுது. கோரைக்கு ஒரு கேடும் இல்ல, ஏன்னா அதோட உசுரு இருக்கறது மண்ணுக்குள்ள கெழங்குல, அங்க வரைக்கும் போய் அதக் கொல்ற அளவுக்கு உப்பு போட்டா அந்த எடத்துல அப்புறம் எதுவுமே வராது. அந்தப் பத்தடிய திரும்ப செடி வைக்கிற மாதிரி கொண்டு வர எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, தண்ணிய தேக்கித் தேக்கி உப்ப அடியில இறக்கி, கம்போஸ்ட் கொட்டிக் கொட்டி.

வினிகரும் அப்படித்தான். வீட்டுல இருக்கற வினிகர்ல அஞ்சு சதவீதம் போலத்தான் அசிட்டிக் ஆசிட் இருக்கும், ரெண்டு இலை விட்ட குட்டிக் களைய அது கருக்கிடும், வேரு புடிச்ச களைக்கு மேல் இலை மட்டும்தான் போகும். நடைபாதைக் கல்லு இடுக்குல மொளைக்கறதுக்கு கொதிக்கிற தண்ணிய ஊத்துனாலே போதும், இது எதுவும் தேவையில்ல.

நான் உப்புக்கு முன்னாடி பண்ண தப்பையும் சொல்லிடறேன், ஏன்னா நெறைய பேரு அதத்தான் பண்றாங்க. மண்வெட்டிய எடுத்து அந்த எடம் முழுக்க கொத்திப் பொரட்டிப் போட்டேன். ஒரு மாசத்துல முன்ன இருந்தத விட அடர்த்தியா வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் மண்ண நல்லா ஊற வச்சு, கைய விட்டு ஒரே ஒரு கோரைய மட்டும் பொறுமையா தோண்டிப் பாத்தேன். தாளுக்கு அடியில சின்னதா ஒரு குமிழ், அதுலருந்து கம்பி மாதிரி கருப்பா ஒரு வேர்த்தண்டு, அது ஒரு ஜான் தூரம் போய் வேர்க்கடலை சைஸுல ஒரு கெழங்கு, அதுலருந்து இன்னொரு கம்பி, இன்னொரு கெழங்கு. மணிய கோர்த்த மாதிரி ஏழு கெழங்கு வந்துச்சு, எட்டாவது எங்கயோ அறுந்து உள்ளயே தங்கிருச்சு. ஒடச்சா உள்ள வெள்ளையா இருக்கு, மருந்து வாசன அடிக்குது. இந்த சங்கிலி அறுபடாம இருக்கற வரைக்கும் பாதிக் கெழங்கு தூங்கிட்டு இருக்கும், முன்னாடி இருக்கறது பின்னாடி இருக்கறத மொளைக்க விடாது. நாம கொத்தி அறுத்து விட்டா ஒவ்வொண்ணும் தனித்தனியா முழிச்சுக்கும். நான் களை எடுக்கறதா நெனச்சு கோரைய நட்டு வச்சிருக்கேன்! 1977-லயே ஆராய்ச்சி பண்ணவங்க உலகத்துலயே மோசமான களைன்னு கோரைக்கு முதலிடம் குடுத்ததுல ஆச்சரியமே இல்ல.

அது புல்லும் கிடையாது, தண்ட வெரல்ல உருட்டிப் பாருங்க, முக்கோணமா தட்டுப்படும். அத அடக்க ஒரே வழிதான் எனக்கு பலிச்சது, மொளைச்சு மூணு நாலு இலை விடறப்போவே மண்ணுக்கு ஒட்டி அறுத்துடறது, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, விடாம. மொளைச்ச செடி மூணு வாரம் போல ஆச்சுன்னா அடியில புதுக் கெழங்கு போட ஆரம்பிச்சுடும், அதுக்கு முன்னாடியே அறுக்க அறுக்க பழைய கெழங்குல இருக்கற சத்து கரைஞ்சுட்டே வரும். அதோட அதுக்கு நிழல் ஆகாது. மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்ட போட்டு மூடலாம்னு நெனக்காதீங்க, அதோட முளை நுனி ஷீட்டையே குத்திட்டு வெளிய வரும். எடம் சின்னதா இருந்தா மண்ண தோண்டி சலிச்சே எடுத்துடலாம். பெரிய எடத்துக்கு பொறும ஒண்ணுதான்.

நான் சொல்ல வர்றதே இதுதான் சார், களைன்னு பொதுவா ஒரு வஸ்து கிடையாது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. பார்த்தீனியத்த பூ விடறதுக்கு முன்னாடி கிளவுஸ் போட்டு வேரோட பிடுங்கிட்டா கத முடிஞ்சது, பூத்துட்டா ஒரே செடி ஆயிரக்கணக்குல வெதைய கொட்டிட்டுப் போயிடும், தோல் அலர்ஜி இருக்கறவங்க கிட்டயே போகாதீங்க. புளியாரை காய் முத்துனதும் தொட்டா வெடிச்சு வெதைய தூர வீசும், அதனால காய் விடறதுக்கு முன்னாடி எடுக்கணும். தரைல படருற பருப்புக்கீரைய பிடுங்கி அங்கயே போட்டுட்டுப் போனா தண்டு திரும்ப வேர் விட்டுக்கும். மூக்கிரட்டைக்கு மூலவேர் கேரட் மாதிரி ஆழமா எறங்கியிருக்கும், மழ பேஞ்ச மறுநாள் எடுத்தா முழுசா வரும், காஞ்ச மண்ணுல இழுத்தா பாதில அறுந்துடும். இப்படி இருக்கறப்போ எல்லாத்துக்கும் ஒரே கரைசல்னு சொன்னா எப்படி? களைக்கொல்லி அடிக்கறவங்களுக்கும் அதே விஷயம்தான், அகல இலைக்கு அடிக்கறது கோரைய சரியா புடிக்காது, எல்லாத்தையும் கொல்றது உங்க புல்லையும் சேத்து கொல்லும், காத்துல ஒரு சாரல் போனா தக்காளிச் செடி சுருண்டுக்கும். லேபிள்ல இருக்கறத முழுசா படிக்காம கைல எடுக்கவே கூடாது.

இன்னொண்ணு, களை எடுத்து முடிச்சதும் மண்ண ஆழமா கொத்தி விடறது. பாக்க சுத்தமா இருக்கும், ஆனா நெறைய களை வெத வெளிச்சம் பட்டாத்தான் மொளைக்கும், அடியில தூங்கிட்டு இருக்கறத நாமளே மேல கொண்டாந்து போடறோம். எவ்ளோ காலம் தூங்கும்னு கேக்கறீங்களா? அமெரிக்காவுல மிச்சிகன்ல வில்லியம் பீல்ங்கற தாவரவியல் பேராசிரியர் 1879-ல களை வெதைய இருபது பாட்டில்ல ஈர மணலோட போட்டு பொதச்சு வச்சாரு, இத்தன வருஷத்துக்கு ஒண்ணுன்னு தோண்டி எடுத்து வெதச்சுப் பாக்கணும்னு ஏற்பாடு. 2021-ல எடுத்த பாட்டில்ல இருந்தும் சிலது மொளைச்சது. நூத்து நாப்பது வருஷத்துக்கு மேல! அதனால இப்ப நான் களைக்கொத்த ஒரு அங்குலத்துக்கு மேல இறக்கறதே இல்ல. புதுசா பாத்தி போடறதா இருந்தா மண்ண தயார் பண்ணிட்டு உடனே வெதைக்க மாட்டேன், வெறும் தண்ணிய ஊத்தி ரெண்டு வாரம் விட்டுடுவேன், மேல இருக்கற களை எல்லாம் மொளைச்சு வந்ததும் லேசா செரைச்சு எடுத்துட்டு, மண்ண திரும்பக் கிளறாம அதுக்கப்புறம்தான் வெதைப்பேன். பாதி வேல அங்கயே மிச்சம்.

லான் வச்சிருக்கறவங்க கத தனி. நடுவுல சொட்டையா ஒரு எடம் இருக்கும், அதுல களை வரும், களைய எடுப்பாங்க, திரும்ப சொட்டை, திரும்ப களை. அந்த எடத்துல புல்லு ஏன் செத்துச்சுன்னு பாக்கறதே இல்ல. ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர எடுத்து ஈர மண்ணுல குத்திப் பாருங்க, நாலு அங்குலம் சுலபமா எறங்கலன்னா மண்ணு கெட்டிச்சுப் போச்சுன்னு அர்த்தம், பெரும்பாலும் எல்லாரும் குறுக்கால நடந்து போற வழியா இருக்கும். அங்க எத்தன தடவ புல்லு வச்சாலும் நிக்காது, நாலு நடைக்கல்ல பதிச்சு விட்டுடறது புத்திசாலித்தனம். மரத்தடி நிழல்னா அருகம்புல் ஜாதி எதுவுமே தாங்காது, அங்க பெரணியோ நிழல்ல வளர்ற வேற ஏதாவதோ வச்சுட்டு லான சின்னதாக்கிக்கலாம். புல்ல இழுத்தா பாய் மாதிரி கையோட உரிஞ்சு வந்துச்சுன்னா அடியில வெள்ளப் புழு வேரத் தின்னுட்டு இருக்கான்னு தோண்டிப் பாக்கணும்.

காரணத்த சரி பண்ணிட்டு அப்புறம் ஒட்டு போடுங்க. சொட்டைய நாலு அங்குல ஆழத்துக்கு கொத்தி பொலபொலன்னு ஆக்கி, கம்போஸ்ட் கலந்து, சுத்தி இருக்கற லான் மட்டத்துக்கு கையால தட்டி அமுக்கணும், மட்டம் கொறஞ்சா தண்ணி தேங்கும். ஓரத்துல நல்லா இருக்கற புல்லுலருந்து உள்ளங்கையளவு துண்டு துண்டா வேரும் மண்ணுமா வெட்டி, ஒரு அரை அடிக்கு ஒண்ணா பதிக்கணும். வெட்டுற துண்டுல கோரை இல்லன்னு ரெண்டு தடவ பாத்துக்கங்க. மொத ரெண்டு வாரம் காலைலயும் சாயங்காலமும் லேசா தண்ணி, அப்புறம் நாள் விட்டு நாள் ஆழமா. ஒரு மாசத்துக்கு யாரும் மிதிக்கக் கூடாது. அருகு ஜாதி ஓடிப் படர்றதுனால எடைவெளிய அதுவே மூடிக்கும், குத்துக் குத்தா வளர்ற ஜாதின்னா நெருக்கமா வைக்கணும். வெட்டறப்போ உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே நேரத்துல எடுக்காதீங்க, மொட்டையடிச்ச லான்ல மண்ணுல வெயில் படும், வெயில் பட்ட எடத்துல களை மொளைக்கும்.

செடி நடறதுலயும் இதே கணக்குதான். நர்சரிலருந்து வாங்குன தொட்டிய வீட்டுக்குக் கொண்டாந்ததும் மேல் மண்ண கிளறிப் பாருங்க, கோரைக்கிழங்கு நெறைய வீட்டுக்கு வர்ற வழி அதுதான். குழி வேர்க்கட்டிய (தொட்டிலருந்து எடுக்கறப்போ வேரும் மண்ணுமா வர்ற கட்டி) விட ஆழமா வேண்டாம், அகலம் ரெண்டு மடங்கு இருக்கட்டும், தொட்டிக்குள்ளயே சுத்திச் சுத்தி வளர்ந்த வேர வெரலால பிரிச்சு விட்டு வைங்க, தண்டு தொட்டில எந்த மட்டத்துல இருந்துச்சோ அதே மட்டம். சாயங்காலமா நடுங்க. காஞ்ச இலைய ரெண்டு மூணு அங்குலத்துக்குப் பரப்புங்க, தண்ட ஒட்டி மட்டும் நாலு வெரல் விட்டு, இல்லன்னா ஈரம் தங்கி தண்டு அழுகும். பச்ச சாணிய அப்படியே போடாதீங்க, மாடு தின்ன களை வெத அதுல உசுரோடயே இருக்கும், குவியல் 55 டிகிரிக்கு மேல சூடேறி நல்லா மக்கினதுதான் நம்பலாம்.

அந்த சுத்துச்சுவர் ஓரத்துல இப்ப வரிசையா இட்லிப்பூ வச்சிருக்கேன், நடுநடுவுல சர்க்கரவள்ளிக் கொடி விட்டு தரைய மூடியிருக்கேன். இந்த மாசம் மொத்தமா ஒம்பது கோரைதான் அறுத்தேன், மொத வருஷம் எண்ணவே முடியல. உங்க அடுத்த ஞாயிறு இணைப்புல உப்பு டிப்ஸ் தப்புன்னு சின்னதா ஒரு திருத்தம் போடுங்க சார். ஏற்கனவே ஊத்திட்டவங்க இருந்தா, இப்பவே தண்ணிய நெறைய விட்டு உப்ப அடியில இறக்கச் சொல்லுங்க, பக்கத்துல இருக்கற செடியையாவது காப்பாத்திக்கட்டும்.

இப்படிக்கு,
பல வருஷமா உங்க பேப்பர் படிக்கிற வாசகி