மூன்று கால் பேரிங் புல்லரின் கால் உடைந்து தெறித்தது பற்றிய புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், மோட்டார் காயில் கட்டும் பட்டறை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
கைக்கருவிகள் ஆன்லைன் விற்பனை நிறுவனம்.

நாள்: 22.01.2025

பொருள்: 6 இன்ச் மூன்று கால் பேரிங் புல்லர் – வேலையின்போது உடைந்தது – பணத்தைத் திருப்பித் தரவும் விளம்பரத்தைத் திருத்தவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். மோட்டாரின் சுழல் தண்டான ஷாப்ட்டிலிருந்து பேரிங்கை இழுத்துக் கழற்றும் கருவி புல்லர். கடந்த டிசம்பரில் உங்களிடம் வாங்கிய புல்லர், கைக்கு வந்த ஐந்தாம் நாள் வேலை நடக்கும்போதே கால் உடைந்து தெறித்தது. என்னிடம் வேலை பழகும் பையனுக்கு வலது கண்ணுக்கு அரை இன்ச் கீழே வெட்டு. அடுத்த நாளே உங்கள் சேவைப் பிரிவுக்குப் போட்டோவோடு எழுதினேன். அதன்பின் இரண்டு முறை எழுதினேன். ‘தவறாகப் பயன்படுத்தியதால் உத்தரவாதம் பொருந்தாது’ என்ற பதில் மூன்று முறையும் வந்தது. எப்படிப் பயன்படுத்தினேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கரையோர ஊர்களில் புகுந்தது. மோட்டார் கொட்டகைகள் முழுகிப்போயின. அந்த வாரம் என் பட்டறை வாசலில் சேறு அப்பிய மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) மோட்டார்கள் தெருவை மறிக்கிற அளவுக்கு இறங்கின. முழுகிய மோட்டாரில் காயிலைக் காயவைத்து வார்னிஷ் போட்டால் பல நேரம் பிழைத்துவிடும். பேரிங் பிழைக்காது. வண்டல் உள்ளே போய்விட்டால் கழற்றி மாற்றத்தான் வேண்டும். எங்களுக்குப் புல்லர் என்பது அவ்வளவு முக்கியம்.

அப்பா காலத்து இரண்டு கால் புல்லரின் முனை தேய்ந்து நழுவ ஆரம்பித்திருந்தது. சாதாரண நாளாக இருந்தால் சென்னை பாரிமுனைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்கியிருப்பேன். வேலை நெருக்கடியில் நகர முடியவில்லை. டிசம்பர் 9ஆம் தேதி உங்கள் இணையப் பக்கத்தைப் பார்த்தேன். கால்கள் எவ்வளவு விரியும், எவ்வளவு ஆழம் போகும் என்ற அளவுகள் இருந்தன. கால் முனையின் கனம் மட்டும் எங்கேயும் இல்லை. மெக்கானிக் முதலில் தேடுவது அதைத்தான். பேரிங்குக்கும் அதன் பின்னால் இருக்கும் பாகத்துக்கும் நடுவே சில மோட்டார்களில் 4 அல்லது 5 மில்லிமீட்டர் சந்துதான் இருக்கும். முனை அதற்குள் நுழைந்து, ஷாப்ட்டில் இறுகியிருக்கும் பேரிங்கின் உள்வளையத்தைப் பிடிக்க வேண்டும். வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தால் இழுவை முழுக்க குண்டுகள் வழியாகப் போய், நல்ல பேரிங்கும் ஓடுபாதையில் குழி விழுந்து கெட்டுப்போகும்.

அதனால் அன்றே உங்கள் எண்ணுக்குப் போன் செய்தேன். கால் முனை எத்தனை மில்லிமீட்டர், கால் ஃபோர்ஜிங்கா (காய்ச்சி அடித்ததா) காஸ்டிங்கா (உருக்கி வார்த்ததா) என்று இரண்டே கேள்விதான் கேட்டேன். பேசிய தம்பி, “எல்லா பேரிங்குக்கும் செட் ஆகும் சார், எல்லாமே ஃபோர்ஜிங்தான்” என்றார். இணையப் பக்கத்திலும் ‘ஃபோர்ஜ்டு ஸ்டீல், 5 டன்’ என்று போட்டிருந்தீர்கள். நம்பி 1,349 ரூபாய் கட்டினேன்.

13ஆம் தேதி வந்தது. வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன், முனை 7 மில்லிமீட்டர் கனம். சந்து குறைவான மோட்டார்களுக்கு ஆகாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. முனையைக் கிரைண்டரில் தேய்த்து மெலியவைக்கலாம் என்று பையன் சொன்னான். தேய்த்தால் பலம் போய்விடும் என்று தடுத்தேன். சந்து அதிகம் உள்ள மோட்டார்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். 6205 என்ற எண்ணுள்ள அளவில் இரண்டு பேரிங் சிரமமில்லாமல் வந்தன.

17ஆம் தேதி மூன்றாவது மோட்டார். 6206 பேரிங், உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மில்லிமீட்டர். ஷாப்ட்டில் துரு. துருவுக்கான எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தேன். மூன்று கால்களும் உள்வளையத்தைப் பிடித்திருப்பதைத் தடவிப் பார்த்தேன். நடு ஸ்க்ரூவுக்குக் கிரீஸ் தடவி, அதன் கூர்முனையை ஷாப்ட்டின் மையக்குழியில் உட்காரவைத்தேன். அப்புறம் புல்லரைச் சுற்றி ஒரு கோணிச் சாக்கைக் கட்டினேன். இது அப்பா கற்றுக்கொடுத்தது. இழுவையில் இருக்கும் புல்லருக்கு எதிரே முகத்தைக் காட்டாதே என்பார். அந்தச் சாக்கு இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

20 சென்டிமீட்டர் ஸ்பேனரை வைத்துக் கையால் திருப்பினேன். பைப் போட்டு நீட்டவில்லை. சுத்தியலால் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. நாலாவது சுற்றில் பட்டென்று சத்தம். ஒரு கால் கொக்கிக்கு மேலே உடைந்து, சாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த பையன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரல் இடுக்கில் ரத்தம். கண்ணில் பட்டுவிட்டதா என்று பார்க்க அவன் கையை விலக்கிய அந்த நிமிஷம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. மருத்துவமனையில் இரண்டு தையல் போட்டார்கள். பார்வைக்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு வயது 19. அவன் அம்மாவுக்கு நான்தான் பதில் சொன்னேன்.

தவறாகப் பயன்படுத்தினேன் என்கிறீர்கள். அளவுக்கு மீறி இறுக்கவும் இல்லை. மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கும் என் மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 20 கிலோ அழுத்தம் கொடுத்தால், 14 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய ஒன்றரை டன். நீங்கள் போட்டிருப்பது 5 டன். மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாங்காத காலுக்கு 5 டன் என்று எந்தச் சோதனையை வைத்துப் போட்டீர்கள்?

உடைந்த இடத்தைப் பாருங்கள், போட்டோ இணைத்திருக்கிறேன். வெல்லக் கட்டியை உடைத்தால் தெரிகிற மாதிரி கரடுமுரடான சாம்பல் நிறம், ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு காற்றுக்குழிகள். ஃபோர்ஜிங்கில் இந்த மாதிரிக் குழி இருக்காது. நல்ல ஃபோர்ஜிங் கால் உடைவதற்கு முன் வளைந்து காட்டும், நாமும் நிறுத்திக்கொள்வோம். இது துளிகூட வளையவில்லை. இது காஸ்டிங். முப்பது வருஷமாக இரும்போடு பழகுகிறேன், இது எனக்குத் தெரியும்.

கால் போன வேகத்தில் ஸ்க்ரூ முனை நழுவி ஷாப்ட்டின் மையக்குழியும் சிதைந்தது. லேத்தில் சரிசெய்ய 600 ரூபாய். அந்தப் பேரிங்கைக் கழற்ற, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் நண்பரிடம் பஸ் பிடித்துப் போய், இரண்டு பாதியாகப் பிரியும் தட்டுப் புல்லரை இரவல் வாங்கி வந்தேன். அதன் ஓரம் கத்தி போல மெலிந்திருக்கும். பேரிங்குக்குப் பின்னால் நுழைந்து சுற்றிலும் ஒரே சீராகப் பிடிக்கும். அதில் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. துருப்பிடித்த மோட்டாருக்கு இதுதான் சரி என்று நீங்கள் போனில் சொல்லியிருந்தால், இரண்டு மடங்கு விலையானாலும் அதையே வாங்கியிருப்பேன்.

உங்கள் பெட்டியில் தயாரித்தவர் பெயரும் இல்லை, எந்த நாட்டுப் பொருள் என்பதும் இல்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் விவரம் இருக்க வேண்டும். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதல் புகார் கொடுத்தது டிசம்பர் 18. மாதம் தாண்டிவிட்டது. பட்டறைக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்றும் உங்கள் கடைசி மெயிலில் இருந்தது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் தன் வேலைக்கு வாங்கினால் அவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

புல்லர் விலை 1,349 ரூபாயும் லேத் செலவு 600 ரூபாயும் எனக்கு வர வேண்டும். பையனின் ஒரு வாரக் கூலியை நான் கொடுத்துவிட்டேன், அதை உங்களிடம் கேட்கவில்லை. ஆனால் அவனிடம் நீங்கள் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இணையப் பக்கத்தில் இருக்கும் ‘ஃபோர்ஜ்டு’, ‘5 டன்’ என்ற சொற்களை உடனே எடுங்கள், முனையின் கனத்தைப் போடுங்கள். இதே புல்லரை வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் அனுப்புங்கள். எனக்குப் பணம் வருவதைவிட இது அவசரம். வெள்ளம் வந்த ஊர்களில் என்னைப் போல எத்தனையோ பட்டறைகள் இந்த மாதம் புல்லர் வாங்கியிருக்கும்.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், போட்டோக்கள், மருத்துவமனைச் சீட்டு, லேத் ரசீது ஆகியவற்றின் நகல் இதோடு இருக்கிறது. புல்லரை எடுக்கக் கூரியர் ஆளை அனுப்பினால் மற்ற பாகங்களைக் கொடுத்துவிடுகிறேன். உடைந்த காலை மட்டும் இப்போது தர மாட்டேன். ஆணையத்தில் காட்ட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.