பக்கத்தில் ஒரு பையன் நிற்கப்போகிறான்: லேத் ஓட்டும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். திங்கள்கிழமை முதல் உங்கள் லேத் (கடைசல் மெஷின்) பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவனை நிறுத்தப்போகிறார்கள். (பையன் என்று பழக்கத்தில் எழுதுகிறேன். இப்போது பெண்களும் டர்னர் படித்துவிட்டு வருகிறார்கள். கீழே உள்ளதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.) இரண்டு வருஷம் படித்தவன், அப்ரெண்டிஸ் சட்டப்படி உதவித்தொகை வாங்கப்போகிறவன். படம் பார்க்கத் தெரியும், ஆர்.பி.எம். கணக்குப் போடத் தெரியும். நம் கோயமுத்தூர்ப் பட்டறைகளில் அதற்கு மேல் வேண்டியதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. சிக்கலே அங்கேதான். உங்கள் கைக்குத் தெரிந்ததில் பாதி உங்கள் வாய்க்குத் தெரியாது.

அவன் வருவதற்கு முன்னால் முதலாளியிடம் ஒன்று பேசிவிடுங்கள். நீங்கள் பீஸ் ரேட்டில் (துண்டுக்கு இவ்வளவு கூலி என்று) ஓட்டுகிறவர் என்றால், சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொரு நிமிஷமும் உங்கள் கூலியில் கழியும். அந்தக் கணக்கு தலைக்குள் ஓடும்போது வாயில் பொறுமை வராது. முதல் மூன்று மாதத்துக்கு ஷிப்டுக்கு ஒரு மணி நேர டார்கெட்டையாவது குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். பல பட்டறைகளில் பையன்கள் வருஷக்கணக்கில் எண்ணெய் துடைத்துக்கொண்டே நிற்பதற்கு, மேஸ்திரியின் மனசைவிட இந்தக் கூலிக் கணக்குதான் காரணம்.

முதல் நாள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பழக்கத்தை ஏற்றுங்கள். சக் கீ (துண்டைப் பிடித்துச் சுழலும் சக்கை இறுக்குகிற சாவி) சக்கில் இருக்கும்வரை கை அதை விட்டு வரக் கூடாது. இறுக்கினால் அதே கையோடு கழற்றி ட்ரேயில் வைத்த பிறகுதான் மூக்கைச் சொறியவும் கை போகலாம். கீ மாட்டியபடி மோட்டார் ஓடினால் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கையுறை, முழுக்கைச் சட்டை, மோதிரம் எதுவும் ஆகாது. மணிக்கட்டில் சாமி கயிறு கட்டியிருப்பான், கழற்றினால் வீட்டில் கோபிப்பார்கள் என்பான். சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சக்கில் சுற்றிக்கொண்டால் கயிறு சீக்கிரம் அறுந்துவிடாது, கையைத்தான் உள்ளே இழுக்கும். வெட்டும்போது நீண்டு வருகிற இரும்புச் சுருளைக் கையால் பிடிக்காமல் கொக்கியால் இழுக்க வேண்டும் என்பதும் அன்றைக்கே.

அடுத்து மைக்ரோமீட்டர். ஐ.டி.ஐ.யில் படித்திருப்பான், இருந்தாலும் முதல் மாதத் தப்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கும். திம்பிள் (சுழலும் உறை) ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ., அதில் 50 கோடு, கோட்டுக்கு 0.01. ஸ்லீவில் (சுழலாத உள்குழாயில்) 24 தெரிகிறது, அதற்கப்புறம் அரைக்கோடும் (0.5) தெரிகிறது, திம்பிளில் 12 என்றால் அளவு 24.62. புதுப்பையன் அரைக்கோட்டைக் கவனிக்காமல் 24.12 என்பான். அரை மில்லி தப்பு. இதன் எதிர்த்தப்பும் உண்டு. உண்மை அளவு 24.48ஆக இருக்கும்போதே அரைக்கோடு திம்பிள் விளிம்பில் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். அதையும் சேர்த்து 24.98 என்று எழுதிவிடுவான். ‘திம்பிளில் 45க்கு மேல் இருந்தால் அரைக்கோட்டை நம்பாதே, வெர்னியரை ஒரு தடவை வைத்துப் பார்’ என்று சொல்லிவையுங்கள். கடைசியில் இருக்கிற ராட்செட் திருகைத் திருப்பாமல் திம்பிளைப் பிடித்து இறுக்குகிற பழக்கம் இருந்தால் ரீடிங் ஒன்றிரண்டு கோடு குறைவாகக் காட்டும். அளக்கும் முன் மைக்ரோமீட்டரின் முகங்களைத் துடைத்து, மூடி, ஜீரோ பார்ப்பதும் அப்படித்தான், சொன்னால் மட்டும் நிற்காது, தினமும் பார்க்க வேண்டும்.

இதற்குச் செலவில்லாத பயிற்சி ஒன்று இருக்கிறது. காலையில் பத்துத் துண்டை எடுத்து வைத்து அவன் தனியாக, நீங்கள் தனியாக அளந்து ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதுங்கள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 0.01க்கு மேல் வித்தியாசம் வந்த துண்டை இருவரும் சேர்ந்து மறுபடி அளக்க வேண்டும். பத்து நிமிஷ வேலைதான். சில நாள் தப்பு உங்கள் தாளில் இருக்கும். அன்றைக்கு அதை மறைக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கைக்குத் தெரிந்து வாய்க்குத் தெரியாதது என்றேனே, அதற்கு நல்ல உதாரணம் சூடு. 50 மி.மீ. ஷாஃப்ட், 49.975க்கும் 50.000க்கும் நடுவில் வர வேண்டும். பையன் கடைசி கட் எடுத்த கையோடு அளக்கிறான், 49.99. பாஸ் என்று வைக்கிறான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 49.967, ரிஜெக்ட். அவன் தன் கண்ணைச் சந்தேகப்படுவான், அல்லது மைக்ரோமீட்டரை. நடந்தது இதுதான்: இரும்பு ஒரு டிகிரிக்கு மில்லிமீட்டருக்கு 0.0000115 விரியும். 70 டிகிரியில் இருந்த ஜாப் (வேலைத்துண்டு) 30 டிகிரிக்கு இறங்கினால் 50 மில்லியில் 0.023 சுருங்கும். நீங்கள் புறங்கையால் ஜாபைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கூலண்ட் ஊற்றிக் காத்திருப்பீர்கள். அவன் பார்ப்பதெல்லாம் ‘அண்ணன் சும்மா நிற்கிறார்’ என்பதைத்தான். அந்தச் சும்மா நிற்பதற்கு என்ன பெயர், எவ்வளவு நேரம், எதற்காக என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இதை ஒழுங்காக எழுதிவைத்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940க்கும் 1945க்கும் இடையில், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களைச் சீக்கிரம் பழக்க டி.டபிள்யூ.ஐ. (Training Within Industry, தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி) என்ற திட்டம் நடந்தது. போருக்குப் பிறகு ஜப்பானுக்கும் போனது. அதிலிருந்து வளர்ந்த முறைப்படி தாளை மூன்று பத்தியாகப் பிரித்து, வேலையின் படி, அதில் கவனிக்க வேண்டியது, ஏன் என்று எழுத வேண்டும். எதைக் கவனிக்க வேண்டியதென்று எழுதுவது? ஜாபைக் கெடுப்பது, ஆளைக் காயப்படுத்துவது, வேலையை லேசாக்குவது, இந்த மூன்றில் ஒன்றாக இருப்பதை மட்டும். நீங்கள் தினம் செய்கிற ஒரு ஜாபை எடுத்து ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பாருங்கள். முதல் இரண்டு பத்தி கால் மணியில் முடியும். ‘ஏன்’ பத்தியில் நாலைந்து இடத்தில் பேனா நிற்கும். பழக்கத்தில் செய்துவருவது எது, காரணத்தோடு செய்வது எது என்று அப்போது தெரியும். பையனால் உங்களுக்கு வருகிற முதல் லாபம் இது.

உதாரணத்துக்கு டூல் (வெட்டும் உளி) சென்டர். படி: டூல் முனையை ஜாபின் மையத்துக்குச் சரியாக வை. கவனிக்க வேண்டியது: டூல் முனைக்கும் உருண்டை ஜாபுக்கும் நடுவில் மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசாகப் பிடித்துப் பார், நேராக நின்றால் சரி, மேல்முனை உன்னைவிட்டு அந்தப் பக்கம் சாய்ந்தால் டூல் உயரம், உன் பக்கம் சாய்ந்தால் தாழ்வு. ஏன்: உயர்ந்தால் டூலின் முன்பக்கம் ஜாபில் உரசும், வெட்டாது. தாழ்ந்தால் ஃபேசிங்கில் (ஜாபின் முனையைத் தட்டையாக வெட்டும்போது) நடுவே மொட்டு நிற்கும்.

கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) டயலும் எழுதப்பட வேண்டியதுதான். சில மெஷினில் 0.1 தள்ளினால் விட்டத்தில் 0.2 போகும், சிலதில் டயலே விட்டத்தைக் காட்டும். மெஷின் மாறுகிற அன்று பையன் இரண்டு மடங்கு வெட்டுவான்.

கை பழக ஸ்கிராப்பில் 40 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பார் 100 மி.மீ. நீளத்துக்கு எடுத்துக் கொடுங்கள். 39, 38 என்று ஒவ்வொரு மில்லியாக இறக்கட்டும். முதல் வாரம் 0.1க்குள் வந்தால் போதும், அடுத்து 0.05, அதற்கப்புறம் 0.02. ஒரே துண்டில் இருபது தடவை தப்புப் பண்ணலாம். அவன் தடுமாறும்போது ஹாண்டிலை அவன் கையிலிருந்து வாங்காதீர்கள். ஆபத்து என்றால் எமர்ஜென்சியை அழுத்துங்கள், இல்லையென்றால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வாங்கிச் செய்துகாட்டினால் ஜாப் முடிந்துவிடும்தான், ஆனால் பழகியது உங்கள் கை, அதுவும் ஏற்கெனவே பழகிய கை.

இனி அந்த ஒத்துக்கொள்கிற விஷயம். நீங்கள் ஒத்துக்கொண்டால்தான் அவனும் தன் தப்பை ஒத்துக்கொள்வான். என்றாவது ஒருநாள் அவன் பேரிங் உட்காரும் இடத்தில் 0.03 அதிகமாக எடுத்துவிடுவான். போன வாரம் அளவு தப்பிய போது நாலு பேர் முன்னால் ‘கண்ணு எங்கடா இருக்குது’ என்று கத்தியிருந்தீர்கள் என்றால், அந்த ஷாஃப்டைத் துடைத்து ட்ரேயின் நடுவில் சொருகிவிடுவான். அசெம்பிளியில் பேரிங் கொஞ்சம் சுலபமாக ஏறும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஓட ஓட உள்வளையம் ஷாஃப்ட் மேலேயே வழுக்கிச் சுற்றும், இடம் தேயும், சூடேறும், ஏதோ ஒரு தோட்டத்தில் தண்ணீர் பாயும்போது அந்த ஷாஃப்ட் போட்ட பம்ப் மோட்டார் நிற்கும். உடனே வந்து காட்டியிருந்தால் போயிருப்பது ஒரு ஷாஃப்ட். அதனால் தப்பைக் கொண்டுவந்து காட்டுகிற அன்று திட்டாதீர்கள். எந்த இடத்தில் நடந்தது என்று மெஷினில் வைத்தே கேளுங்கள். மறைத்தது தெரிந்த அன்று கோபப்படலாம், அதுவும் தனியாகக் கூப்பிட்டு.

டூல் கிரைண்டிங் பண்ணும்போது (டூல் முனையைத் தீட்டும்போது) முதுகைத் திருப்பிக்கொள்கிற பழைய மேஸ்திரி வகையறா நீங்கள் இல்லை என்று நம்புகிறேன். ஆங்கிளைக் காட்டிக்கொடுத்தால் பிழைப்புப் போய்விடும் என்கிற பயம் அது. பையன் இரண்டு வருஷத்தில் சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) பக்கம் போய்விடுவான், போகட்டும். நாளைக்கு நீங்கள் சி.என்.சி.யில் ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) போடத் தெரியாமல் நிற்கும்போது போன் பண்ணிக் கேட்க ஓர் ஆள் இருப்பான். இப்போதும் உங்களுக்குத் தெரியாததைப் பக்கத்து டூல் ரூம்காரரிடம் கேட்பீர்கள் அல்லவா, அப்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. அவன் உங்களைவிடக் குள்ளமாக இருந்தால் காலடிக்கு ஒரு மரப்பலகை செய்து வையுங்கள். பலகை இல்லையென்றால் டயலைச் சாய்வாகப் பார்த்து ஒரு கோடு தள்ளிப் படிப்பான், சரியாகப் பார்க்க எக்கினால் முகம் சக் பக்கம் போகும். முழங்கை மடக்கினால் கை ஹாண்டில் உயரத்துக்கு வர வேண்டும். திங்கள்கிழமை காலையில் அளந்து பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள்.

அன்புடன்,
பழைய டர்னர் ஒருவன்